உப்புக்காற்றில் பழைய ஜெர்கின்: வாங்குவது, பழுது பார்ப்பது, போட்டுக்கொள்வது

வடசென்னையில் காசிமேட்டிலிருந்து எண்ணூர் வரை கடலை ஒட்டியுள்ள வீடுகளில், ஒரு தோல் ஜெர்கின் போட்டுப் போட்டுத் தேய்ந்து கெடுவது அபூர்வம். பீரோவில் தொங்கியபடியேதான் கெடுகிறது. காற்றில் ஈரப்பதம் 65 சதவீதத்தைத் தாண்டினால் பூஞ்சை வளரத் தொடங்கும். நம் பக்கம் காலை நேரத்தில் 70, 80 என்பது சாதாரணம். அதோடு உப்பும் சேர்ந்துகொள்கிறது. உப்பு ஈரத்தை இழுத்துப் பிடித்து வைக்கும், பித்தளை ஜிப்பைப் பச்சையாக்கும், இரும்பு டிச் பட்டனைத் துருவாக்கிச் சுற்றியுள்ள துணியைத் தின்னும். குளிர்நாட்டு சேகரிப்பாளர்கள் சொல்லும் யோசனைகளில் பாதி இங்கே எடுபடாததற்கு இதுதான் காரணம். எந்தப் பொருளை வாங்குவது என்பதிலிருந்து எங்கே மாட்டுவது என்பது வரை எல்லாவற்றையும் இந்த ஈரத்தை வைத்தே முடிவு செய்ய வேண்டும்.

வாங்கும் முன்

முதல் விதி: பழைய ரெக்சின் ஜெர்கினைத் தொடாதீர்கள். துணியின் மேல் பாலியூரித்தேன் பூசியதைத்தான் தோல் என்று சொல்லி விற்கிறார்கள். காற்றிலுள்ள ஈரமே அந்தப் பூச்சின் வேதிப் பிணைப்பை உடைத்துவிடும். சில வருடங்களில் காலரும் முழங்கையும் முதலில் பிசுபிசுக்கும், பிறகு செதில் செதிலாக உதிரும். ஒட்டுவதற்கும் வழியில்லை, பூசுவதற்கும் வழியில்லை. உள்பக்கம் பூச்சு அடித்த பழைய மழைக்கோட்டு, பாலியூரித்தேன் அடிப்பாகம் வைத்த பழைய பூட்ஸ் இவற்றுக்கும் இதே கதிதான். ஷோரூமில் புதிதுபோல நிற்கும் பழைய பூட்ஸ், நடந்த முதல் நாளே அடிப்பாகம் பொடியாகக் கழன்று விழுவதுண்டு.

தோலா ரெக்சினா என்று பார்க்கத் தண்ணீர் சொட்டு விட்டுப் பார்ப்பார்கள். அதை நம்ப முடியாது, ஏனென்றால் மேலே பாலிஷ் ஏற்றிய நல்ல தோலும் தண்ணீரை உறிஞ்சாது. பாக்கெட்டின் உள்விளிம்பு, ஜிப்புக்குப் பின்புறம் போன்று வெட்டு முனை தெரியும் இடத்தைத் தேடுங்கள். தோலில் பஞ்சு மாதிரி நார்கள் தெரியும். ரெக்சினில் நெய்த துணியின் இழையும் அதன் மேல் ஒரு தகடும் தனித்தனியாகத் தெரியும்.

அடுத்தது மூக்கு. ஜிப்பை முழுக்கத் திறந்து அக்குளுக்கு உள்ளே முகர்ந்து பாருங்கள். வியர்வை வாடை போகும், சிகரெட் வாடை மெதுவாகப் போகும். மண்ணும் ஈரச்சாக்கும் கலந்த வாடை அடித்தால் பூஞ்சை உள்ளே திண்டு வரை இறங்கிவிட்டது என்று அர்த்தம். அதை வாங்கினால் லைனிங்கைப் பிரித்து மாற்றத் தயாராக இருக்க வேண்டும்.

தோலைக் கட்டை விரலால் அழுத்தித் தேயுங்கள். செம்மண் மாதிரித் தூள் விரலில் ஒட்டினால் அது செம்பொடி நோய். பட்டை போட்டுப் பதப்படுத்திய பழைய தோல், காற்றிலுள்ள அமிலத்தில் வெந்து பொடியாவது. அதை மீட்க முடியாது. அலமாரியில் வைத்துப் பார்க்கலாம், உடம்பில் போட முடியாது.

அளவு பார்க்கும்போது லேபிளில் உள்ள நம்பரைக் கணக்கில் எடுக்காதீர்கள். பழைய வெட்டு எல்லாம் இறுக்கம். ஜெர்கினைத் தட்டையாகப் போட்டு ஒரு அக்குளிலிருந்து மறு அக்குள்வரை டேப் வையுங்கள். உங்கள் மார்பளவில் பாதியோடு 5, 6 செ.மீ. கூடுதலாக இருக்க வேண்டும். மார்பு 96 செ.மீ. என்றால் 54 வந்தால் உள்ளே பருத்திச் சட்டையோடு சரியாக இருக்கும். கை நீளம், உடம்பு இடுப்பளவு இவற்றைத் தையல்காரர் சரிசெய்துவிடுவார். தோள்பட்டை பொருந்தவில்லை என்றால் விட்டுவிடுங்கள். தோளை மாற்றுவது கோட்டையே பிரித்துத் தைக்கிற வேலை.

எங்கே தேடுவது

1900-ல் திறந்த மூர் மார்க்கெட் 1985 மே 30-ல் எரிந்துபோனது. பழைய பொருள் வியாபாரத்தில் ஒரு பகுதி பக்கத்திலுள்ள அல்லிக்குளம் வளாகத்துக்குப் போனது. பர்மாவிலிருந்து திரும்பியவர்கள் 1960-களில் போட்ட பர்மா பஜாரில் இன்று பெரும்பாலும் புதுச் சரக்குதான். ராணுவ ஜெர்கின் என்று அங்கே தொங்குவதில் நகல்களே அதிகம். உண்மையான பழைய பொருள் வீடுகளில் இருக்கிறது. ராயபுரம், மண்ணடிப் பக்கம் கப்பலில் வேலை பார்த்தவர்கள் வீட்டுப் பரண்களில் கனமான கம்பளிக் கோட்டுகள் கிடக்கும். பெரம்பூர், ஓட்டேரி, புளியந்தோப்புப் பக்கம் மில் குடும்பங்களில் காக்கி இருக்கும்.

இந்தக் காக்கியைப் பற்றி ஒரு வார்த்தை. பக்கிங்காம், கர்நாடிக் என்ற இரண்டு மில்கள் 1920-ல் ஒன்றாகி பி அண்ட் சி மில் ஆனது. நமக்கெல்லாம் பின்னி மில். ராணுவத்துக்கும் போலீசுக்கும் காக்கித் துணி நெய்து கொடுத்த மில் அது. 1996-ல் மூடிவிட்டார்கள். கெட்டியான ட்வில் நெசவு, வெளுத்தாலும் திட்டுத்திட்டாகாமல் சீராக வெளுக்கும் சாயம். வெளிநாட்டு டெனிமைத் தேடி அலைபவர்கள், நம் தாத்தாக்கள் நெய்த இந்தத் துணியில் ஒரு சட்டை கிடைத்தாலும் விடக்கூடாது. சீருடையாக இருந்தால் பட்டை, பேட்ஜ் எல்லாவற்றையும் கழற்றித் தனியே வையுங்கள். அரசு ஊழியர் என்று நம்பவைக்கும் நோக்கத்தோடு சீருடை அணிவது சட்டப்படி குற்றம்.

உதிரிப் பொருள்களுக்குப் பெரியமேடு. தோல் வியாபாரம் பரம்பரையாக நடக்கும் இடம். முழுத் தோலைச் சதுர அடிக் கணக்கில் விற்பார்கள். ஒட்டுப் போட வெட்டுத் துண்டுகள் போதும், கேட்டு வாங்குங்கள். லைனிங் துணிக்கு கோடவுன் தெரு. ஐசோபுரொப்பைல் ஆல்கஹால், சிலிக்கா ஜெல் போன்றவற்றுக்கு நைனியப்ப நாயக்கன் தெரு.

வயதைக் கண்டுபிடிப்பது

இந்தியத் தயாரிப்பு என்றால் லேபிளிலுள்ள முகவரியே பாதி சொல்லிவிடும். பின்கோடு 1972 ஆகஸ்ட் 15-ல் வந்தது. அதற்கு முன் 'மெட்ராஸ் – 21' என்று தபால் வட்ட எண் மட்டும் இருக்கும்; அந்த எண்தான் பிறகு 600 021 ஆனது. ஆறு இலக்கம் இருந்தால் அது 1972-க்கு முந்தியது இல்லை என்று உறுதியாகச் சொல்லலாம். வட்ட எண் மட்டும் இருந்தால் அப்படி உறுதி கிடையாது, பழக்கத்தில் பல வருடம் அப்படியே அச்சடித்தார்கள். ஆங்கில லேபிளில் மெட்ராஸ் இருந்தால் பெரும்பாலும் 1996-க்கு முந்தையது. தமிழ் லேபிளை வைத்து இப்படிச் சொல்ல முடியாது, தமிழில் அப்போதும் சென்னைதான்.

அமெரிக்க ராணுவ எம்-65 ஜெர்கினில் ஒப்பந்த எண் லேபிள் இருக்கும். அது ராணுவக் கொள்முதல் அமைப்பின் பெயர்ச் சுருக்கத்தோடு தொடங்கும். டிஎஸ்ஏ என்று தொடங்கினால் 1977-க்குள், டிஎல்ஏ என்றால் அதற்குப் பிறகு. எண்ணின் நடுவிலுள்ள இரண்டு இலக்கம் ஒப்பந்த ஆண்டு. லீவைஸ் டெனிம் ஜெர்கினில் பாக்கெட் ஓரச் சிவப்புத் துண்டில் பெயரின் இரண்டாம் எழுத்து பெரிய எழுத்தாக இருந்தால் 1971-க்கு முந்தையது என்பார்கள். உண்மைதான், ஆனால் பழைய மாதிரியில் பிற்பாடு செய்த மறுபதிப்புகளிலும் அதே பெரிய எழுத்து உண்டு. துவைக்கும் முறை அச்சிட்ட லேபிள் அமெரிக்காவில் 1972-ல்தான் கட்டாயமானது, அதனால் உள்ளே அந்த லேபிளும் இருக்கிறதா என்று சேர்த்துப் பாருங்கள். ஜிப்பில் ஒய்கேகே என்று இருப்பது வயதுக்கு ஆதாரமே ஆகாது. அந்த நிறுவனம் 1934-லிருந்து இன்றுவரை ஜிப் செய்கிறது.

முதல் இரண்டு வாரம்

வாங்கி வந்ததை நேராகப் பீரோவில் மாட்டினால் அதிலுள்ள அந்துப்பூச்சியும் பூஞ்சையும் மற்ற துணிகளுக்கும் பரவும். மொட்டை மாடியிலோ வராண்டாவிலோ, முகக்கவசம் போட்டுக்கொண்டு வேலையைத் தொடங்குங்கள்.

பாக்கெட்டுகளை வெளியே இழுத்துத் தூசியைத் தட்டுங்கள். மடிப்பு, காலரின் அடிப்பக்கம், தையல் ஓரம் இவற்றை மெல்லிய பிரஷால் துடையுங்கள். அந்துவின் முட்டை இருப்பது அங்கேதான். கம்பளி என்றால் பாலிதீன் பையில் போட்டுக் காற்றை நசுக்கி வெளியேற்றி, வாயை ஒட்டி, மைனஸ் 18 டிகிரி ஃப்ரீசரில் இரண்டு வாரம் வையுங்கள். வெளியே எடுத்ததும் பையைப் பிரிக்காதீர்கள். ஒரு முழு நாள் கழித்துப் பிரியுங்கள், இல்லாவிட்டால் நம் ஊர்க் காற்றின் ஈரமெல்லாம் குளிர்ந்த துணியில் நீராகப் படியும்.

தோலில் வெள்ளைப் படலம் இருந்தால் பதறிப்போய்ப் பூஞ்சை மருந்து அடிக்க வேண்டாம். தோலின் உள்ளேயுள்ள கொழுப்பு மேலே வந்து உறைந்தாலும் இப்படித்தான் இருக்கும். ஹேர் டிரையரால் இளஞ்சூடு காட்டுங்கள். உருகி மறைந்தால் கொழுப்பு. துணியால் துடைத்தால் போதும். மறையாவிட்டால் பூஞ்சை. காய்ந்த பிரஷால் தட்டி எடுத்துவிட்டு, ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலும் தண்ணீரும் சமபங்கு கலந்து, நனைத்துப் பிழிந்த துணியால் ஒரே ஒரு முறை துடையுங்கள். முதலில் காலருக்கு அடியில் ஒரு மூலையில் துடைத்து நிறம் போகிறதா என்று பாருங்கள். பிளீச்சிங் பவுடர் தண்ணீர் கூடவே கூடாது, தோல் நாரையே அறுத்துவிடும்.

துவைப்பது

இங்கே பலரும் தவறவிடுவது தண்ணீர். மீஞ்சூர் பக்கம் நிலத்தடி நீரில் கடல்நீர் ஏறிப் பல காலம் ஆகிறது. திருவொற்றியூர், எண்ணூர்ப் பக்கம் பல போர் தண்ணீர் வாயில் வைக்க முடியாது. அதில் அலசினால் இழைக்குள் உப்பு தங்கி, துணி எப்போதும் நமுத்தே இருக்கும், பட்டன் துருப்பிடிக்கும். கடைசி அலசலாவது மெட்ரோ தண்ணீரில் செய்யுங்கள். ஆர்.ஓ. மிஷினின் கழிவுக் குழாய்த் தண்ணீரை வீணாக்க வேண்டாமே என்று எடுத்துவிடாதீர்கள். அது குழாய்த் தண்ணீரைவிட உப்பு.

டெனிம், காக்கி: 10 லிட்டர் வாளிக்கு 15 மில்லி திரவ சோப்பு. உள்பக்கத்தை வெளியே திருப்பி அரை மணி நேரம் ஊறப்போடுங்கள். கல்லில் அடிக்க வேண்டாம், பிரஷும் வேண்டாம். தண்ணீர் தெளியும்வரை மூன்று நான்கு அலசல். முறுக்காமல் நிழலில் காயப்போடுங்கள்.

கம்பளி: குளிர்ந்த தண்ணீர், கம்பளிக்கான சோப்பு, பத்து நிமிடம். தூக்கும்போது வாளியிலேயே கையால் தாங்கித் தூக்குங்கள், நனைந்த கம்பளி தன் கனத்திலேயே இழுபடும். துண்டில் சுருட்டி அமுக்கி ஈரம் எடுத்து, தட்டையாக விரித்துக் காயவையுங்கள். உள்ளே கேன்வாஸ் வைத்துத் தைத்த கோட்டு என்றால் தண்ணீர் காட்டாமல் டிரைகிளீனிங் கொடுங்கள்.

மெழுகு ஏற்றிய பருத்தி ஜெர்கினுக்குச் சோப்பும் வெந்நீரும் எதிரி. பச்சைத் தண்ணீரும் ஸ்பாஞ்சும் மட்டும். திரும்ப மெழுகு ஏற்ற நம் ஊர் மதிய வெயில் நல்ல துணை. மெழுகு டப்பாவை வெந்நீரில் வைத்து உருக்கி, ஜெர்கினை வெயிலில் சூடாக்கி, பழைய துணியால் மெல்லத் தேய்த்து ஏற்றுங்கள். அதிகம் ஏற்றினால் மே மாதத்தில் பக்கத்துத் துணியெல்லாம் ஒட்டும்.

தோலுக்குத் தேங்காய் எண்ணெய் போடும் பழக்கத்தைத் தயவுசெய்து விடுங்கள். தோல் கறுக்கும், தொளதொளக்கும், தூசி ஒட்டும். பசையோடு ஈரம் சேர்ந்தால் பூஞ்சைக்கு விருந்து. தோலுக்கான கிரீம் வருடத்துக்கு ஒன்று அல்லது இரண்டு முறை, முழு ஜெர்கினுக்கும் இரண்டு டீஸ்பூன் தாண்டாமல் போதும். காய்ந்த நாட்டுக்காரர்களுக்குச் சொன்ன அளவை இங்கே அப்படியே எடுக்கக்கூடாது.

ஜிப்

ஜிப் போனது என்று வருபவற்றில் பெரும்பாலும் போயிருப்பது ரன்னர், அதாவது மேலும் கீழும் இழுக்கும் பிடி மட்டும்தான். ரன்னரை மேலே இழுத்தபின் கீழே பல் திறந்துகொள்கிறதா? ரன்னரின் பின்வாய் விரிந்திருக்கிறது. பல் சேர்ந்து வெளியே வரும் முனையை இரண்டு ஓரத்திலும் சிறிய பிளையரால் கொஞ்சமாக அழுத்துங்கள், இழுத்துப் பாருங்கள், மறுபடி கொஞ்சம் அழுத்துங்கள். பழைய ரன்னர் துத்தநாக வார்ப்பு, ஒரே அழுத்தில் முடித்துவிடலாம் என்று நினைத்தால் பட்டென்று உடையும்.

அதற்கும் சரியாகவில்லை என்றால் ரன்னரை மாற்றுங்கள். முதுகில் 5, 8, 10 என்று நம்பர் இருக்கும். நம்பர் மட்டும் பொருந்தினால் போதாது. உலோகப் பல், நைலான் சுருள், வார்த்த பிளாஸ்டிக் பல் மூன்றுக்கும் ரன்னரின் உள்வாய் வேறுவேறு. பழைய ரன்னரைக் கையோடு எடுத்துக்கொண்டு சௌகார்பேட்டைத் தையல் சாமான் கடைக்குப் போங்கள். ரன்னர் இருக்கும் பக்கத்தின் மேல் முனையிலுள்ள தடுப்பைக் கட்டிங் பிளையரால் நோண்டி எடுத்து, பழையதை மேல்வழியாக உருவி, புதியதை அதே திசையில் ஏற்றி, தடுப்பைத் திரும்ப அமுக்குங்கள்.

ஜிப்பின் இரண்டு பக்கத்தையும் கீழே கோர்க்கும் பெட்டியோ ஊசியோ உடைந்திருந்தால் முழு ஜிப்பையும் மாற்றத்தான் வேண்டும். பல் வரிசையின் நீளத்தை மட்டும் அளங்கள். தையலைப் பிரிப்பானால் ஒவ்வொரு தையலாக வெட்டி எடுங்கள், பிளேடு போட்டு இழுக்காதீர்கள். துணி ஊசியால் குத்தினால் மூடிக்கொள்ளும், தோலில் விழுந்த ஓட்டை ஜென்மத்துக்கும் மூடாது. ஆகவே புது ஜிப்பைக் குண்டூசிக்குப் பதிலாக 6 மி.மீ. இருபக்க டேப்பால் ஒட்டி, தோல் ஊசி போட்டு, சக்கரத்தைக் கையால் சுற்றி, பழைய ஓட்டையிலேயே தையல் விழும்படி தைக்க வேண்டும். தையல் நீளம் 3 மி.மீ.க்குக் குறைந்தால் தபால்தலை ஓரம் மாதிரிக் கிழிந்துவிடும். வீட்டு உஷா மிஷின் இரண்டு மடிப்புத் தோலுக்கு மேல் திணறும். பேக் ரிப்பேர் கடையிலோ பைக் சீட் கவர் தைக்கிற இடத்திலோ கனமான மிஷின் இருக்கும், அவர்களிடம் 'பழைய ஓட்டையிலேயே போடுங்கண்ணே' என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

பச்சை பிடித்த பித்தளைப் பல்லைக் காய்ந்த டூத் பிரஷால் தேய்த்துவிட்டு மெழுகுவர்த்தியை மேலும் கீழும் உரசுங்கள். எலுமிச்சை, புளி போட்டால் பளபளக்கும்தான், ஆனால் அந்த அமிலம் பக்கத்துத் துணியிலும் தோலிலும் இறங்கிவிடும்.

கிழிசல், லைனிங்

தோல் கிழிசலுக்கு மேலிருந்து ஃபெவி குவிக் போடுவதுதான் அதிகம் பார்க்கிற தவறு. அது கல் மாதிரி இறுகி, பக்கத்திலேயே புதுக் கிழிசலை உண்டாக்கும். சரியான வழி பின்னாலிருந்து. லைனிங் தையலைக் கீழ்ப்பக்கம் ஒரு சாண் பிரித்து உள்ளே கை விடுங்கள். 0.6 முதல் 0.8 மி.மீ. கனமுள்ள ஆட்டுத்தோலைக் கிழிசலைவிட எல்லாப் பக்கமும் 1 செ.மீ. பெரிதாக, மூலைகளை வட்டமாக வெட்டுங்கள். ஓரத்தைச் சீவி மெலிதாக்காவிட்டால் வெளியே தடம் தெரியும். செருப்புக்குப் போடும் ரப்பர் சொல்யூஷனை இரண்டு பக்கமும் மெல்லப் பூசி, விரலில் ஒட்டாத பதம்வரை பத்துப் பதினைந்து நிமிடம் காயவிட்டு, கிழிசலின் இரண்டு உதடுகளையும் நேராகச் சேர்த்து அமுக்குங்கள். ஒரு இரவு பாரம் வையுங்கள்.

காக்கி, டெனிம் கிழிசலுக்கு ஒட்டுத்துணி அதே ஆடையிலிருந்து எடுப்பதே அழகு. உள்மடிப்பிலோ, பாக்கெட்டின் பின்புறத்திலோ அதே வயதுத் துணி ஒளிந்திருக்கும். டெனிமுக்கு 16-ஆம் நம்பர் ஊசி, பருத்தி நூல். பாலியஸ்டர் நூல் பழைய துணியைவிட உறுதியானது. இழுபடும்போது நூல் நிற்கும், துணி அறுபடும்.

லைனிங் மாற்ற 44 அங்குல அகலத் துணி இரண்டு முதல் இரண்டரை மீட்டர் பிடிக்கும். பழைய பாலியஸ்டரைத் தூக்கிவிட்டு மெல்லிய பருத்தியோ விஸ்கோஸோ போடுங்கள். நம் வெக்கையில் அந்த ஒரு மாற்றத்துக்காகவே ஜெர்கினை இன்னும் ஒரு மணி நேரம் கூடப் போட்டிருக்கலாம். துணியை முதலிலேயே நனைத்துச் சுருக்கிவிடுங்கள். பழைய லைனிங்கைப் பிரித்து அதையே மாதிரியாக வைத்து வெட்டுங்கள், முதுகு நடுவில் 2.5 செ.மீ. மடிப்பு விடுங்கள். அந்த மடிப்பு இல்லாவிட்டால் பைக் ஹேண்டிலைப் பிடிக்கக் கை நீட்டும்போது தோள் தையல் விட்டுவிடும்.

போட்டுக்கொள்வது

மார்கழி, தை விடியற்காலையில் எண்ணூர் விரைவுச் சாலையில் பைக் ஓட்டுபவருக்கு 20, 21 டிகிரி காற்று நெஞ்சில் அடிக்கும். அதுதான் தோல் ஜெர்கினின் காலம். காக்கியும் டெனிமும் ஆவணி மழையிலிருந்து மாசிவரை தாங்கும். உள்ளே காலர் வைத்த பருத்திச் சட்டை போடுங்கள், கழுத்து வியர்வை தோலில் படாது. கழற்றியதும் பீரோவில் மாட்டாமல் மின்விசிறிக்கு அடியில் ஒரு இரவு தொங்கவிடுங்கள். வாரம் ஒரு முறை போட்டுக் காற்றாடும் ஜெர்கினில் பூஞ்சை ஏறுவது கடினம்.

பழைய ஹெல்மெட் ஆசையாக இருந்தால் அலமாரியில் வையுங்கள். உள்ளேயுள்ள நுரையும் பசையும் வயதாகி அடியைத் தாங்காது. ஓட்டுவதற்கு ஐ.எஸ். 4151 முத்திரையுள்ள புது ஹெல்மெட்தான். பழைய தோல் ஜெர்கின் உராய்வைக் கொஞ்சம் தாங்கும், இடியைத் தாங்காது. முழங்கையிலும் தோளிலும் லைனிங் மாற்றும்போதே பாதுகாப்புத் திண்டுக்குப் பை தைத்துவிடுங்கள்.

ஐப்பசி, கார்த்திகை

கடல் பக்கச் சுவரில் பீரோ ஒட்டி நின்றால் பத்து செ.மீ. தள்ளுங்கள். தோளுக்கு 4, 5 செ.மீ. அகலமுள்ள மர ஹேங்கர். டிரைகிளீனிங் பாலிதீன் உறையை அன்றே கழற்றிவிட்டு, பழைய வேட்டியில் தைத்த உறை போடுங்கள். இறுக்கமாக மூடும் டிரங்குப் பெட்டி என்றால் சிலிக்கா ஜெல் கால் கிலோ, பழைய காலுறையில் கட்டி வையுங்கள். ஆரஞ்சு நிறம் மாறியதும் 110 டிகிரி அவனில் இரண்டு மணி நேரம் வறுத்தால் மறுபடி உயிர் பெறும். நீல நிறத்தை வாங்க வேண்டாம், அதில் கோபால்ட் குளோரைடு என்ற நச்சு இருக்கிறது. ரசகற்பூர உருண்டையைத் துணியில் படாமல் மேலே கட்டுங்கள். கைக்குழந்தை உள்ள வீட்டில் அது வேண்டவே வேண்டாம், சில குழந்தைகளுக்கு அந்த ஆவியால் ரத்த அணுக்கள் சிதையும்.

வியாசர்பாடி, கொடுங்கையூர் மாதிரித் தண்ணீர் நிற்கும் பகுதியில் பெட்டியைத் தரையில் வைக்காதீர்கள். வெள்ளத்தில் நனைந்துவிட்டால் 24 முதல் 48 மணி நேரத்துக்குள் பூஞ்சை தொடங்கும், அதற்குள் நல்ல தண்ணீரில் அலசி மின்விசிறியில் தொங்கவிட வேண்டும். நனைந்த தோலை வெயிலிலோ அடுப்பருகிலோ வைத்தால் விறைத்துச் சுருங்கும். பாக்கெட்டிலும் கையிலும் காகிதம் திணித்து நிழலில் இரண்டு மூன்று நாள் காயவைத்து, இன்னும் லேசாக நமுத்திருக்கும்போதே கிரீம் தடவுங்கள்.

உதிர்ந்துபோன ரெக்சின், பொடியான தோல் கைக்கு வந்தால் குப்பையில் போடும் முன் ரன்னர், டிச் பட்டன், பக்கிள், நல்ல லைனிங் துணி எல்லாவற்றையும் பிரித்தெடுத்து, மூடி இறுகும் பிஸ்கட் டப்பாவில் நம்பர் எழுதிப் போட்டுவையுங்கள். எட்டாம் நம்பர் பித்தளை ரன்னர் கடையில் இல்லை என்று சொல்லும் நாளில் அந்த டப்பாவைத்தான் திறக்கப் போகிறீர்கள்.